ஒரே எடை இரண்டு முறை ஏறினால்? டூப்ளிகேட் வரிகள், ஐடி எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை எடுக்கும் இடங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இடையில் ஒரு விடுதிக்கு அறைப் பதிவும், ஒரு காய்கறி மண்டிக்கு வரவுக் கணக்கும் செய்தேன். எங்கே போனாலும் கடைசியில் ஒரே தகராறில்தான் வந்து நிற்கிறது: டேபிளில், அதாவது கணக்கு அட்டவணையில், ஒரே மாதிரி இரண்டு வரி இருக்கிறது, இது நிஜமா, பிழையா? எடை போடும் பையன்கள், கணக்கர்கள், கல்லூரி ப்ராஜெக்டுக்காக வரும் பிள்ளைகள் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

டூப்ளிகேட் வரி என்றால் சரியாக எது?

இந்த இரண்டு வரியைப் பாருங்கள். பெயர் சும்மா உதாரணத்துக்கு.

12-06 | போ. மாதன் | 28 கிலோ
12-06 | போ. மாதன் | 28 கிலோ

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். மாதன் அன்றைக்கு இரண்டு மூட்டை கொண்டுவந்தார், இரண்டும் 28 கிலோ. ஒரே அளவுச் சாக்கு, ஒரே கை அமுக்கி நிரப்பியது. எடை ஒத்துப்போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இல்லையென்றால் ஒரே மூட்டைதான் வந்தது, எடை போட்ட பையன் சேவ் பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டான். முதல் கணக்கில் அவருக்கு 56 கிலோவுக்குப் பணம். இரண்டாவதில் பாதி.

டேபிளை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே சம்பவத்தை இரண்டு முறை எழுதியிருந்தால்தான் அது டூப்ளிகேட். இரண்டு சம்பவங்கள் அச்சாக ஒன்றுபோலத் தெரிந்தால், உங்கள் டேபிளில் ஏதோ ஒரு ஃபீல்டு (தேதி, எடை மாதிரி ஒரு தகவல் கட்டம்) குறைகிறது என்று பொருள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் மட்டும் நேர் எதிர்.

நான் எல்லா டேபிளிலும் ஐடி போட்டிருக்கிறேனே. அப்புறம் எப்படி டூப்ளிகேட் வரும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மேலே உள்ள வரிகளுக்கு ஐடி, அதாவது சேமிக்கும்போது டேட்டாபேஸ் தானாகப் போடும் வரிசை எண், கொடுத்துப் பாருங்கள்.

1041 | 12-06 | போ. மாதன் | 28 கிலோ
1042 | 12-06 | போ. மாதன் | 28 கிலோ

டேட்டாபேஸைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு வரி என்று சத்தியம் செய்யும். மாதன் எத்தனை மூட்டை போட்டார் என்று கேட்டால் விழிக்கும். 1041, 1042 இரண்டும் பட்டனை அழுத்தியதற்குக் கிடைத்த எண்கள். மூட்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாம் முறை அழுத்தினால் 1043 சந்தோஷமாக வந்து உட்காரும். முன்பாவது இரண்டு வரியும் அச்சாக ஒன்று என்பது கண்ணில் பட்டது. ஐடி வந்ததும் அந்தத் தடயமும் போயிற்று.

ஐடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் எல்லா டேபிளிலும் வைக்கிறேன். ஒரு வரியைத் திருத்த, அழிக்க, இன்னொரு டேபிளிலிருந்து அதைக் கைகாட்ட ரொம்பச் சௌகரியம். ஆனால் ஐடிதான் பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி) ஆகிவிட்டதே, இனி டூப்ளிகேட் வராது என்று நினைப்பது, கதவில் நம்பர் எழுதிவிட்டுப் பூட்டுப் போட்டதாக நினைத்துக்கொள்வது மாதிரி.

அப்படியென்றால் மூட்டைக்கு எதுதான் எண்?

இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் மென்பொருளில் தேதி, விவசாயி, எடை, அதோடு தானாக ஏறும் ஐடி, இவ்வளவுதான். ஒரு மழை மாதக் கடைசியில், லாரியில் போன எடையை விடக் கணக்கில் ஏறிய எடை கூடுதலாக இருக்கிறது என்று அந்த இடத்துக் கணக்கர் கூப்பிட்டார். பார்த்தேன், ஒரே மாதிரி வரிகள் நிறைய. ஐடியை விட்டுவிட்டு மற்ற மூன்று ஃபீல்டும் ஒத்துப்போகிற வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன். பெரிய வேலை முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பட்டுவாடா அன்றைக்கு ஒரு வயதான அம்மா வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு சீட்டுகளை எடுத்து மேஜையில் விரித்தார். அடுத்தடுத்த எண்கள். இரண்டிலும் 31 கிலோ. "தம்பி, நான் ரெண்டு மூட்டை போட்டேன், ஒண்ணுக்குத்தான் காசு வந்திருக்கு" என்றார். நான் அழித்தவற்றில் நிஜ மூட்டைகளும் இருந்தன. அந்த மாதம் முழுக்கச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். சீட்டைத் தொலைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விடை அவர் கையில்தான் இருந்தது. எடை போடும்போது கொடுக்கும் அச்சடித்த சீட்டில் ஒரு வரிசை எண் உண்டு. அதுவும் செயற்கை எண்தான். இயற்கையில் எந்த மூட்டையும் நம்பரோடு பிறப்பதில்லை. ஆனால் அந்த எண் தராசுப் பக்கத்தில், எடை போடுகிற அதே நிமிஷத்தில் பிறக்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு தடவை ஏற்றினாலும் சீட்டு எண் அதேதான். எடை எடுக்கும் இடம், சீட்டுப் புத்தகத்தின் எண், சீட்டின் எண், இந்த மூன்றையும் சேர்த்து ஒரு யூனிக் கட்டுப்பாடு, அதாவது அதே சேர்க்கை இரண்டாம் தடவை வரக்கூடாது என்ற விதி, போட்டேன். அதன்பின் இரண்டாம் தடவை அழுத்தினால் மென்பொருளே மறுத்துவிடும்.

ஐடியும் சீட்டு எண்ணும் இரண்டுமே மனிதர் போட்ட எண்கள். எங்கே, எப்போது பிறக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். வரியைச் சேமிக்கும்போது பிறக்கும் எண் வரியைத்தான் அடையாளம் காட்டும்.

‘ஒரே வரி இரண்டு முறை கூடாது’ என்று யார் சொன்னது?

எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தவர். 1970-இல் வந்த கட்டுரையில் டேட்டாவைக் கணிதத்தின் கணங்களாகப் பார்க்கச் சொன்னார். பள்ளியில் படித்த கணம்தான்: ஓர் உறுப்பு உள்ளே இருக்கும், இல்லையென்றால் இருக்காது, இரண்டு தடவை இருப்பது என்ற பேச்சே கிடையாது. 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க வடிவமைத்த மொழிதான் பின்னால் எஸ்க்யூஎல் ஆயிற்று. அது இந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டது. திரும்ப வருகிற வரிகளைக் கண்டுபிடித்து நீக்க எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும், அதற்கு நேரமாகும். வேண்டுமென்றால் டிஸ்டிங்க்ட் என்று நீயே கேட்டுக்கொள் என்று விட்டார்கள். நீங்கள் சாவி எதையும் அறிவிக்காவிட்டால், எஸ்க்யூஎல் டேபிள் ஒரே வரியை ஆயிரம் தடவை கூட வாங்கிக்கொள்ளும்.

செயற்கை எண்களுக்கும் காட் எதிரியில்லை. 1979-இல் அவரே அதற்கு இடம் கொடுத்து எழுதினார். அது அமைப்புக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே இருக்க வேண்டும், பயன்படுத்துகிறவர் அதைக் கையாளக்கூடாது என்பது அவர் எண்ணம். நாமோ அதை ரசீதில் அச்சடித்து, போனில் ஒப்புவித்து, எக்ஸெலில் ஒட்டிக்கொண்டு திரிகிறோம்.

விவசாயி டேபிளுக்குப் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துச் சாவியாக வைக்கலாமா?

கூடாது. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். எங்கள் பக்கத்து ஹட்டிகளிலும், அதாவது படுகர் ஊர்களிலும், அந்த வழக்கம் உண்டு. போஜனின் மகன் மாதன். மாதனின் மகன் போஜன். அந்தப் போஜனுக்கு மகன் பிறந்தால் மாதன். இப்போது தாத்தாவும் பேரனும் இரண்டு பேருமே போ. மாதன், இரண்டு பேருக்குமே அப்பா பெயர் போஜன், இரண்டு பேரும் ஒரே ஊர், பல நேரம் ஒரே வீடு. இரண்டு பேர் பெயரிலும் தோட்டம் இருக்கும், இரண்டு பேரும் இலை போடுவார்கள்.

ஊர்ப் பெயரை நம்பியும் பயனில்லை. படுகு மொழியில் ஒச என்றால் புது, ஹட்டி என்றால் ஊர். புதிதாகக் குடியேறிய இடமெல்லாம் ஒசஹட்டிதான். பிறந்த தேதியைச் சேர்க்கலாமே என்பார்கள். பழைய ஆட்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. ஒரு வகுப்பே ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும்.

மனிதர்களுக்கு எண்தான் கொடுத்தாக வேண்டும். ஆனால் எண் கொடுப்பது வேலையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய படி, இவர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறாரா என்று பார்ப்பது. புதுப் பெயர் ஏற்றும்போது அதே ஊரில் கிட்டத்தட்ட அதே பெயர் உள்ளவர்களைப் போட்டோவோடு திரையில் காட்டச் செய்திருக்கிறேன். "இவரா? இல்லை, இவரா?" என்று பையன் கேட்டுத்தான் ஆக வேண்டும். பத்து விநாடி கூடுதலாகிறது. முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஆதார் எண்ணையே சாவியாக வைத்தால் என்ன?

முதலில், ஆதார் எண்ணைக் கண்டவர்கள் வாங்கிச் சேமித்து வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இலை எடை போட அது தேவையும் இல்லை. அதனால் நான் வாங்குவதே கிடையாது.

ஆனால் பாடமாக எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆதார் எண் 12 இலக்கம். அதில் ஊரோ, வயதோ, ஆணா பெண்ணா என்பதோ எதுவும் ஒளிந்திருக்காது. சுத்தமான செயற்கை எண். ஒருவருக்கு இரண்டு எண் போகாமல் தடுப்பது அந்த 12 இலக்கம் என்றா நினைக்கிறீர்கள்? பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, முகம் எல்லாவற்றையும் ஏற்கெனவே பதிந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணே பிறக்கிறது. உழைப்பெல்லாம் அந்த ஒப்பீட்டில். நாம் எண்ணை மட்டும் காப்பியடித்துவிட்டு ஒப்பீட்டை விட்டுவிடுகிறோம்.

அதிலிருந்து திருட வேண்டிய இன்னொன்று: கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிடுகிறார்கள். ஓர் இலக்கம் தப்பாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் மாட்டிக்கொள்ளும். கையால் தட்டும் எந்த எண்ணுக்கும் இதைச் சேர்க்கலாம். விவசாயி எண்ணுக்கு நான் சேர்த்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் இலை ஏறிய புகார் குறைந்தது.

செல்போன் எண்?

வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டில் நாலு பேருக்கு ஒரு போன். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். போன வருஷத்து விவசாயியின் எண் இன்றைக்கு யாரோ ஒரு கல்லூரி மாணவரிடம் இருக்கலாம். போனே இல்லாதவர்களுக்கு அந்த ஃபீல்டு காலியாக, அதாவது நல் (null) ஆக இருக்கும். யூனிக் போட்டாலும் நல் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் என்ற மூன்று டேட்டாபேஸ் மென்பொருளிலும் வழக்கம். எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் ஒன்றே ஒன்றைத்தான் விடும். போஸ்ட்கிரெஸில் 15-ஆம் பதிப்பிலிருந்து எந்தப் பழக்கம் வேண்டுமென்று நாமே சொல்லலாம்.

‘கோத-ஒச-017’ மாதிரி ஊரும் தாலுகாவும் தெரிகிற கோடு (code) கொடுத்தால் அழகாக இருக்குமே?

அழகாகத்தான் இருக்கும், அவர் வீடு மாற்றும் வரைக்கும். கல்யாணமாகி அடுத்த ஊருக்குப் போனவரின் கோடு இன்னும் ஒசஹட்டி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மாற்றினால் பழைய சீட்டுகள் எல்லாம் அனாதை. மாற்றாவிட்டால் கோடு பொய் சொல்லும். பான் கார்டைப் பாருங்கள்: பத்து எழுத்தில் நான்காவது, தனி ஆளா கம்பெனியா என்று சொல்லும், ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பெயரை மாற்றிக்கொண்டாலும் பான் எண் மாறாது, ஆகவே அந்த ஐந்தாவது எழுத்து பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் எண் கொடுங்கள். ஊரைத் தனி ஃபீல்டில் வையுங்கள்.

தோட்டத்துக்குச் சர்வே எண் இருக்கிறதே, அதுவாவது நிலையானதா?

சர்வே எண் தனியாக நின்றால் பொருளில்லை. மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு நிலம். சேர்த்துப் போட்டாலும் நிலையில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் 112/3 என்பது 112/3ஏ, 112/3பி என்று உட்பிரிவு ஆகிவிடும். அன்றைக்கு 112/3 என்ற பெயரில் நீங்கள் வைத்திருந்த மூன்று வருஷக் கணக்கை எந்தப் பாதியில் சேர்ப்பது? இங்கேதான் ஐடி தன் சம்பளத்துக்கு உழைக்கிறது. பழைய நிலத்துக்கு ஓர் ஐடி, புது நிலங்கள் இரண்டுக்கும் தனித்தனி ஐடி, எதிலிருந்து எது பிரிந்தது என்று இன்னொரு ஃபீல்டு. சர்வே எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதோடு சேர்த்து. வெளியுலகச் சாவி மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் உள்ளே மாறாத எண் ஒன்று வேண்டும் என்பதுதான் செயற்கைச் சாவிக்கு உள்ள உண்மையான நியாயம்.

விடுதிக்கு வண்டி எண்ணைச் சாவியாக வைத்தேன். சீசனில் இரண்டாம் தடவை வந்தவரைப் பதிய முடியவில்லை.

வண்டி வேறு, வண்டியின் வருகை வேறு. 2024 மே 7-இலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும் என்று ஆனதிலிருந்து, எல்லா விடுதியிலும் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் டி.என். 43 என்று தொடங்கும் நம்மூர் டாக்ஸி ஒரே நாளில் மூன்று குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கும். உங்கள் டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "ஒரு வரி என்பது ஓர் அறையில் ஒரு ராத்திரி" என்று வந்தால் சாவி அறை எண்ணும் தேதியும்தான். வண்டி எண் கூடவே வந்த தகவல்.

தேடினால் ‘கோத்தகிரி’ இரண்டு தடவை வருகிறது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை!

கண்ணுக்கு இல்லை. தமிழில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் விழுவார்கள். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையில்) இரண்டு விதமாக எழுதலாம். க போட்டு, ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒன்று. க போட்டு, இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகப் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. நீளம் என்ன என்று கம்ப்யூட்டரைக் கேளுங்கள்: முதல் கோத்தகிரிக்கு 9 என்னும், இரண்டாவதுக்கு 10 என்னும். பைட் பைட்டாக ஒப்பிடும் யூனிக் கட்டுப்பாடு இரண்டையும் வேறு ஊர் என்று உள்ளே விட்டுவிடும். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த வில்லங்கம் கூடவே வந்துவிடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. சேமிப்பதற்கு முன் எல்லா எழுத்தையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லா கம்ப்யூட்டர் மொழியிலும் இதற்கு லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த நிரல், உண்டு, போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து உள்ளேயே வசதி இருக்கிறது. ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ஔ என்பதற்கு ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தவரை அது திருத்தாது. ஸ்ரீ-யை வடமொழி ஶ வைத்து எழுதினதும் ஸ வைத்து எழுதினதும் அதற்கு வேறு வேறுதான். இவற்றை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்பேஸ். அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

நிஜமாகவே பல பெயருள்ள ஊர்களுக்கு வேறு வழி. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒன்று என்று என்எஃப்சி மாதிரி எந்த நார்மலைசேஷனும் சொல்லாது. ஊர்களுக்குத் தனி டேபிள் வைத்து, ஊருக்கு ஓர் எண் கொடுத்து, மாற்றுப் பெயர்களைப் பக்கத்தில் இன்னொரு டேபிளில் வைத்துவிடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் ஒரே எடையை மூன்று தடவை அனுப்பிவிடுகிறது. என்ன செய்ய?

மலையில் இது தினப்படி கதை. போன் எடையை அனுப்புகிறது. சர்வர் வாங்கிச் சேமித்துவிடுகிறது. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வழியில் ஒரு வளைவில் காணாமல் போகிறது. போன் பாவம், போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. ஐடியைச் சர்வர்தான் கொடுக்கிறது என்றால் மூன்று அனுப்பலுக்கு மூன்று ஐடி.

சீட்டுப் புத்தகத்து வழிதான் இங்கேயும். எண் தராசுப் பக்கத்தில் பிறக்கட்டும். அனுப்புவதற்கு முன்பே, போனே ஒரு யூயூஐடி உண்டாக்கி அந்த எடையோடு கட்டிவிட வேண்டும். 128 பிட் நீளமுள்ள எண். இரண்டு போன்களில் தற்செயலாக ஒன்றே வரும் என்ற கவலை வேண்டாம். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே யூயூஐடி போகும், சர்வரில் அதற்கு யூனிக் இருக்கும், இரண்டாவது வரும்போது "ஏற்கெனவே இருக்கிறது, சரி" என்று பதில் சொல்லிவிடும். பையன் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் என்ன என்று கேட்டால், எண்ணைப் பட்டனை அழுத்தும்போது உண்டாக்காதீர்கள். எடைத் திரை திறக்கும்போதே உண்டாக்கிவிடுங்கள்.

பரவலாகப் பயன்படும் 4-ஆம் வகை யூயூஐடி தாறுமாறான எண். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி பிரைமரி கீ வரிசையில்தான் வரிகளை அடுக்கி வைக்கிறது, அதனால் தாறுமாறான சாவி வந்தால் நடுவில் நடுவில் செருக வேண்டியிருந்து வேகம் குறையும். நேர வரிசையில் ஏறுகிற 7-ஆம் வகையை 2024-இல் முறைப்படி தரப்படுத்திவிட்டார்கள். இப்போது தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

சேமிப்பதற்கு முன்னால் ‘இருக்கிறதா’ என்று ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதாதா?

போதாது. இரண்டு மேஜையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேடுவார்கள், இரண்டு பேருக்கும் ‘இல்லை’ என்று வரும், இரண்டு பேரும் சேமிப்பார்கள். காவல் டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எடை இரட்டிப்பாக வருகிறது, டிஸ்டிங்க்ட் போட்டால் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

உங்கள் டேபிளில் டூப்ளிகேட்டே இல்லாமல் இருக்கலாம். டேபிள்களை இணைக்கும் ஜாயின்தான் குற்றவாளி. ஒருவருக்கு அந்த மாதம் 20 எடை, 2 முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி எண்ணை வைத்து மூன்று டேபிளையும் ஒரே மூச்சில் இணைத்தால் 40 வரி வரும். எடை இரட்டிப்பாகும், முன்பணம் இருபது மடங்காகும். கணக்கர் மயக்கம் போட்டு விழுவார்.

டிஸ்டிங்க்ட் போட்டால் சரியாவது போலத் தெரியும். ஆனால் 28 கிலோ மூட்டைகள் இரண்டு நினைவிருக்கிறதா? சீட்டு எண்ணை எடுக்காமல் எடையை மட்டும் எடுத்திருந்தால் டிஸ்டிங்க்ட் அவற்றையும் ஒன்றாக்கிவிடும். எடையைத் தனியாகக் கூட்டி விவசாயிக்கு ஒரு வரி ஆக்குங்கள், முன்பணத்தையும் அப்படியே. அதற்குப் பிறகு இணையுங்கள். புரோகிராம் கோடில் டிஸ்டிங்க்டைப் பார்த்தாலே "இது எதற்கு?" என்று கேட்பது என் பழக்கம். பாதி நேரம் எழுதியவருக்கே தெரியாது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட டூப்ளிகேட்களை எப்படிச் சுத்தம் செய்வது?

பேக்கப் எடுங்கள். என் கதையைப் படித்த பிறகு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் எந்த ஃபீல்டுகள் ஒத்துப்போனால் சந்தேகம் என்று முடிவு செய்து, குரூப் பை போட்டு (ஒத்தவற்றைக் குழுவாக்கி), ஒன்றுக்கு மேல் எண்ணிக்கை உள்ளவற்றை மட்டும் ஹேவிங் மூலம் எடுங்கள். வருவது சந்தேகப் பட்டியல். அழிக்க வேண்டிய பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். இதை அச்செடுத்து எடை போட்டவரிடம் கொடுங்கள். சேமித்த நேரம் பதிந்திருந்தால் பெரிய உதவி: இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விநாடிதான் என்றால் பட்டன் விவகாரம், ஏனென்றால் ஒரு விநாடியில் யாரும் அடுத்த மூட்டையைத் தூக்கி வைக்க முடியாது.

உறுதியானவற்றை அழிக்க, ரோ நம்பர் செயல்பாட்டால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 1, 2, 3 என்று எண் போட்டு, 1-ஐ வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்குவது வழக்கம். நீக்கும் வரியின் ஐடியை வேறு டேபிள் கைகாட்டிக்கொண்டிருந்தால், முதலில் அதை மீதமிருக்கும் வரிக்குத் திருப்பிவிட வேண்டும். ஐடியே இல்லாத டேபிள் என்றால் போஸ்ட்கிரெஸில் சிடிஐடி, ஆரக்கிளில் ரோஐடி என்று உள்ளுக்குள் ஓர் அடையாளம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை. புது டேபிளுக்கு நல்லதை மட்டும் மாற்றிக்கொண்டு பழையதைத் தூர வைப்பது சுலபம். முடிந்த கையோடு யூனிக் கட்டுப்பாட்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே வேலை.

ஐடியில் 1041-க்குப் பிறகு 1044 வருகிறது. நடுவில் யாரோ அழித்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சேமிக்கப்போய் நடுவில் பிழையாகி ரத்தானால், எடுத்த எண் திரும்பி வராது. அதனால்தான் ஐடியை பில் எண்ணாக வைக்கக்கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். அதற்குத் தனி எண்ணும், நிதியாண்டோடு சேர்த்த யூனிக்கும் வையுங்கள். எண் தீர்ந்துபோகுமா என்ற பயமும் வேண்டாம்: சாதாரண நாலு பைட் எண் 214 கோடியைத் தாண்டும். தினம் பத்தாயிரம் மூட்டை வந்தாலும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடும்.

விவசாயியையும் தோட்டத்தையும் இணைக்கும் டேபிளுக்கும் ஐடி வேண்டுமா?

இரண்டு எண்ணும் சேர்ந்ததே சாவி. நீங்கள் மென்பொருள் எழுதப் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க் அடம்பிடித்தால் ஐடி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜோடிக்கு யூனிக் போட மறக்காமல்.

எங்களிடம் அச்சடித்த சீட்டும் இல்லை, ஆப்பும் இல்லை. நோட்டில் எழுதி ராத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம்.

நோட்டே போதும். நோட்டு எண், பக்கம், அந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி, இந்த மூன்றும் சேர்ந்து ஓர் எடைக்கு ஒரே ஓர் அடையாளம்தான். ராத்திரி இரண்டு பேர் ஒரே பக்கத்தை ஏற்றினாலும் இரண்டாமவருக்கு ஏறாது. மறுநாள் யாராவது கேள்வி கேட்டால் திரையைப் பார்த்து நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். பக்க எண்ணை வருஷத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். நோட்டு எண்ணை அட்டையின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். வெளியே மார்க்கரில் எழுதியதை ஜூலை மழை ஒரே வாரத்தில் கழுவிவிட்டது, மூன்று நோட்டில் எது எது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.